பொண்டியில் நின்ற கார்

பாரிசில், நம் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் என்னோடு வளர்ந்து, இப்போது மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற வயதுக்கு வந்துவிட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் பிள்ளைகளிடம் இந்தக் கதையைத் தொடங்கினால் பாதியிலேயே கைபேசியை எடுத்து அந்தக் காரின் இன்றைய விலையைத் தேடுகிறார்கள். தேடிவிட்டு என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் பிடிப்பதில்லை. அதனால் காரின் பெயரை இங்கே எழுதவில்லை. அமெரிக்கக் கார். இரண்டு கதவு. எட்டு சிலிண்டர். வேகமாக ஓடுவதற்கென்றே கொஞ்சமாகச் செய்து, பிறகு செய்யாமல் விட்ட வகை. இவ்வளவும் போதும்.

கார் என் பெரியப்பாவுடையது. அப்பாவின் தமையன். எங்கள் குடும்பத்தில் முதலில் பாரிசுக்கு வந்தவர். நாங்கள் வருவதற்கு முன், தனியாளாக ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்தில், அங்கே சமைத்த பிரெஞ்சுக்காரரின் தம்பி பாரிசுக்கு வெளியே பொண்டியில் ஒரு கராஜ் வைத்திருந்தார். அவர் கராஜை மூடியபோது, உதிரிச் சாமான் கிடைக்காமல் மூலையில் கிடந்த இந்தக் காரைப் பெரியப்பா வாங்கினார். சேர்த்ததெல்லாம் அதற்குப் போயிற்று. கார் ஒரு கோடை முழுவதும் ஓடியது. அந்தக் கோடையில்தான் அந்தப் புகைப்படம் எடுக்கப்பட்டது.

படத்தை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். ஆனால் அதுபோன்ற ஒன்று உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். சிவப்புக் கார், பளபளவென்று முன் பம்பர், பம்பரில் ஒரு காலை ஊன்றிக் கறுப்புக் கண்ணாடியோடு பெரியப்பா. படம் யாழ்ப்பாணத்துக்குப் போய் அங்கே வீடு வீடாகச் சுற்றியது. நாற்பது வயதை எட்டும்போதும் ஊரில் அவர் "பாரிசிலை கார் வைச்சிருக்கிற பெடியன்"தான். அந்தப் பெயரோடுதான் பெண் பார்த்தார்கள்.

பெரியம்மா கூட்டுறவுக் கடையில் வேலை செய்தவர். அவருக்கும் முப்பத்தைந்து தாண்டியிருந்தது. அகதி அட்டையோடு பெரியப்பா ஊருக்குப் போக முடியாது. ஆகவே இரண்டு பகுதியும் திருச்சிக்குப் போய்க் கலியாணத்தைச் செய்தார்கள். பெண்ணின் தமையன்மார் பந்தியில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டார்களாம், "அத்தான், கார் என்ன மாதிரி?"

"நிக்குது," என்றாராம் பெரியப்பா.

இதில் பொய் ஒன்றும் இல்லை. கார் பொண்டியில், கார் நிறுத்த வாடகைக்கு எடுத்த ஒரு பொக்ஸுக்குள், இரும்புக் கதவுக்குப் பின்னால் நின்றது. அந்த முதல் கோடைக்குப் பிறகு அது நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

எங்கள் வீடு ஃபோபூர் சென் தெனித் தெருவில், மரக்கறிக் கடைக்கு மேலே, நாலாம் மாடி. இரண்டு அறையும் ஒரு குசினியும். முன்னறையில் பெரியப்பா. உள்ளறையில் அம்மா, அப்பா, நான். அந்த வீட்டில் அரைவாசிக் கார் இருந்தது என்று சொன்னால் மிகை இல்லை. மாதம் ஒரு சாமான் என்று பெரியப்பா எங்கெங்கோ தேடி வாங்கி வருவார். கார்புரேட்டர் தமிழ்ப் பத்திரிகையில் சுற்றப்பட்டுச் சோஃபாவின் கீழே கிடந்தது. அலுமாரிக்குப் பின்னால் வெள்ளி நிறத்தில் நீளப் பட்டிகள் இரண்டு. சாமிப் படத்துக்குப் பக்கத்து ஆணியில், ஓட்டை ஓட்டையாக ஒரு செப்புத் தகடு. நான் அதையும் கொஞ்சக் காலம் சாமிக்குரியது என்றே நினைத்திருந்தேன். சில்லுகளை மூடுகிற வட்ட மூடி ஒன்றில் அம்மா வெங்காயம் போட்டு வைத்திருந்தார். வீடு முழுவதும் கறித்தூள் வாசத்துக்கு அடியில் ஒரு எண்ணெய் வாசம் இருக்கும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்த பிள்ளை அதைக் கண்டுபிடித்து, உன் அப்பா பெற்றோல் நிலையத்திலா வேலை செய்கிறார் என்று கேட்டாள்.

பெரியம்மா மார்ச்சில் வந்தார். கீழ்க் கடைக்காரரின் வான் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனோம். பின்னால் வாழைக்காய்ப் பெட்டிகள். முன் இருக்கையில் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் பெரியம்மா, மடியில் கைப்பை. அப்பாதான் ஓட்டினார். பெரியப்பா வழி முழுவதும் கட்டடங்களைக் காட்டிக்கொண்டு வந்தார். பெரியம்மா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்றார். காரைப் பற்றிக் கேட்கவில்லை. முதல் கிழமையும் கேட்கவில்லை, இரண்டாம் கிழமையும் கேட்கவில்லை.

கேட்டது குசினியில். வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவர், வெங்காயம் முடிந்ததும் அந்த மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

"உதென்ன தங்கச்சி, தட்டமோ?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "அது அத்தானின்ர காரிலை இருந்தது, அக்கா," என்றார்.

பெரியம்மா மூடியைக் கழுவித் துடைத்து மேசையில் வைத்தார். "மிச்சம் எங்கை?" என்று கேட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவும் பெரியம்மாவும் நானும் பொண்டிக்குப் போனோம். என்னை ஏன் கூட்டிப்போனார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது தெரிகிறது, இருவருக்கும் தனியே போகப் பயம். கார் து லெஸ்ட் ரயில் நிலையத்தில் ரயில் எடுத்து இறங்கி, கால்வாயோரமாக நடந்தோம். ஒரு சந்துக்குள் வரிசையாக இரும்புக் கதவுகள். பெரியப்பா பூட்டைத் திறந்து கதவை மேலே தூக்கினார். உள்ளிருந்து வந்தது ஈரச் சீமெந்தும் எலி மூத்திரமும் பழைய பெற்றோலும் சேர்ந்த மணம்.

தறப்பாளை விலக்கினார். அதற்குள்ளே இன்னொரு உறை இருந்தது. பழைய யன்னல் திரைகளை இணைத்துப் பெரியப்பாவே கையால் தைத்தது. அதையும் விலக்கினார். படத்தில் இருந்த சிவப்பு, செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. நாலு சில்லும் காற்றிறங்கித் தட்டையாகிக் கிடந்தன. கதவின் அடி கறள் தின்று பல்லுப் பல்லாக நின்றது. பின் இருக்கையின் பஞ்சைப் பிய்த்து எலிகள் குடும்பம் நடத்தியிருந்தன.

"ஏறலாமோ?" என்றார் பெரியம்மா.

பெரியப்பா ஓடிப்போய்க் கைலேஞ்சியால் முன் இருக்கையைத் துடைத்தார். பெரியம்மா ஏறினார். பெரியப்பா ஸ்டியரிங் பக்கம் ஏறினார். நான் பின்னால், பிய்ந்த பஞ்சுக்குப் பக்கத்தில். என் காலடியில் ஒரு ஓட்டை. அதற்குள்ளால் சீமெந்து நிலம் தெரிந்தது.

"எங்கை வரைக்கும் ஓடினனீங்கள்?"

"கடல் வரைக்கும். வடக்குப் பக்கம். காலமை வெளிக்கிட்டுப் பின்னேரம் திரும்பினனான்."

"தனியவோ?"

"ஓம்."

"அங்கை என்ன செய்தனீங்கள்?"

பெரியப்பா யோசித்தார். "ஒண்டும் செய்யேல்லை. காருக்குள்ளையே இருந்து கடலைப் பாத்தனான். வரேக்கை புகைக்கத் தொடங்கிட்டுது."

பெரியம்மா முன் கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பொக்ஸின் சுவர்தான் இருந்தது. "நீங்கள் பொய் சொல்லேல்லை. நிக்குதெண்டுதான் சொன்னனீங்கள்," என்றார்.

பெரியப்பா சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அன்று பின்னேரம் குசினியில் பெரியம்மா அம்மாவிடம் கேட்டார், "தங்கச்சி, நான் திரும்பிப் போறதெண்டா என்ன செய்யவேணும்?"

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினார். "அக்கா, ஊரிலை சண்டை நடக்குது. எங்கை போகப் போறியள்?"

"கேட்டனான். அவ்வளவுதான்."

அது அவ்வளவோடு நிற்கவில்லை. அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அன்றிலிருந்து பெரியம்மாவோடு பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டி முன்னறைச் சுவரோரமாக நின்றது. பெரியம்மா ஒவ்வொரு காலையும் அதைத் திறந்து ஒரு சேலையை எடுப்பார், தோய்த்துக் காய்ந்ததும் மடித்துத் திரும்ப அதற்குள்ளேயே வைத்துப் பூட்டுவார். அலுமாரியில் அவருக்கென்று பெரியப்பா ஒதுக்கிய தட்டு வெறுமையாகவே இருந்தது.

மே மாதம் பொக்ஸ்காரர் ஆள் அனுப்பினார். அந்த வரிசை முழுவதையும் இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்களாம், கோடை விடுமுறைக்கு முன் எல்லோரும் காலி செய்ய வேண்டுமாம். காரை வைக்க வேறு இடம் பெரியப்பாவுக்கு அகப்படவில்லை. அகப்பட்டவர் மணவறைக்காரர்.

அந்த நாட்களில் நம் கலியாணங்கள் சென் தெனிப் புறநகர்ப் பக்கத்து மண்டபங்களில் நடக்கத் தொடங்கியிருந்தன. மணவறைக்காரர்தான் மணவறை, பிளாஸ்டிக் வாழைமரம், சிம்மாசனக் கதிரை எல்லாம் வாடகைக்குக் கொடுப்பவர். பெரியப்பாவைக் கண்டால் கட்டிப் பிடிப்பார். நல்ல மனிதர். பொண்டிக்கு வந்து, அளவு நாடாவை எடுத்து, காரின் கூரையைத்தான் முதலில் அளந்தார்.

"அண்ணை, இந்தக் கூரையை வெட்டி எடுப்பம். மாப்பிளையும் பொம்பிளையும் எழும்பி நிண்டு கையைக் காட்டலாம். வெள்ளை அடிச்சு, முன்னுக்கு ரெண்டு யானைத்தலை வைச்சா, பாரிசிலை ஒருத்தரிட்டையும் இல்லாத கார்."

"எஞ்சின்?" என்றார் பெரியப்பா.

"எஞ்சின் எதுக்கு? ஒரு பழைய டீசல் எஞ்சினைப் போடுவம். மண்டப வாசலிலை பத்தடி ஓடினாக் காணும். ஓடுறது நீங்கள்தான். வேற ஒருத்தரையும் தொடவிடமாட்டன்."

பெரியப்பா அன்று வீட்டுக்கு வரும்போது ஒரு பெட்டி பலகாரம் வாங்கி வந்தார். கார் எங்கும் போகாது, கிட்டவே இருக்கும், சனி ஞாயிறில் தானே ஓட்டலாம். அவருக்கு அது போதுமாக இருந்தது. வெள்ளைத் தொப்பி ஒன்று போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

பெரியம்மா பலகாரத்தைத் தொடவில்லை. "அந்தாளுக்குக் குடுக்கவேண்டாம்," என்றார்.

"ஏன்?"

"உங்கட காரை நீங்களே மற்றவையின்ர கலியாணத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு ஓடித்திரியிறதை நான் பாக்கமாட்டன்."

"உமக்கு என்ன தெரியும் இந்தக் காரைப் பற்றி? நீர் வந்து ரெண்டு மாசம்."

"காரைப் பற்றி ஒண்டும் தெரியாது."

பெரியப்பா கதிரையிலிருந்து எழுந்தார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "அப்ப நீரே வில்லும்! ஆரும் வந்தா நீரே வித்துக் காசை எடும்!"

கோபத்தில் சொல்வதை யாரும் உத்தரவாக எடுப்பதில்லை. பெரியம்மா எடுத்தார். அடுத்த நாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் என்னை மேசையில் இருத்தி, கையில் பேனையைத் தந்தார்.

"பிள்ளை, பேப்பரிலை போடுறதுக்கு எழுது. பிரெஞ்சிலை. ஓடாது. கறள் பிடிச்சிருக்கு. உள்ளை எலி இருந்தது. ஆனா ஒரு சாமானும் துலையேல்லை, எல்லாம் வீட்டிலை இருக்கு. எழுதினியோ?"

எலிக்கு மட்டும் எனக்குச் சொல் தெரிந்திருந்தது. மற்றவற்றுக்கு வகுப்பு அகராதியைப் புரட்டினேன். அப்பா வாசித்துவிட்டு, இப்படி எழுதினால் நாய்கூட வராது என்றார். காரின் பெயரையும் வருடத்தையும் மட்டும் பதிவு அட்டையைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தேன். அதற்குத்தான் தொலைபேசி அடித்தது. பெல்ஜியத்திலிருந்துகூட ஒருவர் கூப்பிட்டார். வீட்டுத் தொலைபேசியை நான் எடுப்பேன், பெரியம்மா பக்கத்தில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலில் வந்தது இரண்டு இளம் பெடியன்கள். அவர்களுக்கு எஞ்சின் மட்டும்தான் வேண்டும். மிச்சத்தை இரும்புக்குப் போடலாம் என்றார்கள். பெரியம்மா கதவை இறக்கிப் பூட்டிவிட்டார்.

அடுத்தவர் நல்ல சப்பாத்துப் போட்டு வந்தார். காரைச் சுற்றி நடந்து, கறளைக் காலால் தட்டி, இது சாதாரண வகை, அமெரிக்காவில் தெருவுக்குத் தெரு கிடக்கும், உங்கள் மேல் இரக்கப்பட்டு எடுக்கிறேன் என்றார். நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். பெரியம்மா தலையாட்டினார். பிறகு என் காதில், "பொனட்டுக்குக் கீழை ஒரு தகடு இருக்கல்லோ, அதை மூண்டு தரம் குனிஞ்சு பாத்தவர். கத்தரிக்காயைப் பூச்சியெண்டு சொல்லுறவர்தான் கூடையோடை வாங்க வந்தவர். தரமாட்டன் எண்டு சொல்லு," என்றார்.

சொன்னேன். அவர் உடனே விலையை ஏற்றினார். பெரியம்மா அதற்கும் மாட்டேன் என்றார். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. அப்பாவுக்கும் விளங்கவில்லை, இரண்டு நாள் தலையில் கைவைத்துக்கொண்டு திரிந்தார். அவளுக்குக் காசும் தேவையில்லை, அண்ணையைப் பழி வாங்கத்தான் இப்படிச் செய்கிறாள் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ஆமென்றார். லாச்சப்பல் முழுவதும் அந்தக் கதைதான். பலசரக்குக் கடையில் நான் தேங்காய்ப்பால் வாங்க நின்றபோது, எனக்குப் பின்னால் ஒரு பெண் இன்னொருத்தியிடம், "வந்திறங்கின உடனை புருசன்ர காரை விக்கிறாள், அடுத்ததா ஆளையே விப்பாள்," என்று சொல்லிச் சிரித்தாள்.

மூன்றாவதாக வந்தவர் வடக்கே ஒரு கிராமத்தில் உழவு இயந்திரங்கள் திருத்துபவர். மனைவியையும் கூட்டி வந்திருந்தார். பெரிய கைகள், நகத்துக்குள் கறுப்பு. வந்தவர் வணக்கம் சொல்லிவிட்டு நேரே நிலத்தில் மல்லாக்கப் படுத்துக் காரின் அடியில் நுழைந்தார். அவர் வெளியே வரும்வரை பெரியம்மாவும் அந்த மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெரியம்மாவின் மேல்சட்டைக்குக் கீழே சேலைக் கரை சேற்றில் பட்டிருந்தது. அந்தப் பெண் குனிந்து அதைத் தூக்கிவிட்டார்.

அவர் வெளியே வந்தபோது முகமெல்லாம் தூசி. என்னிடம் மெதுவாக, நான் மொழிபெயர்க்க வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். இது எவ்வளவு அரிது என்று உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. தகட்டில் இருக்கிற இலக்கமும் எஞ்சினில் இருக்கிற இலக்கமும் ஒன்றுதான், பிறந்த எஞ்சினோடே இருக்கிறது. இதற்குரிய விலை என்னிடம் இல்லை. இருக்கிறதைத் தருகிறேன். திருத்த வருடக்கணக்காகும்.

அவர் சொன்ன தொகை, நல்ல சப்பாத்துக்காரர் கடைசியாகச் சொன்னதை விடக் குறைவு. அதையும் நான் பெரியம்மாவிடம் சொன்னேன்.

"கூரையை வெட்டுவாரோ எண்டு கேள்."

கேட்டேன். கூரையை ஏன் வெட்டவேண்டும் என்று அவர் திகைத்துப்போய்த் தன் மனைவியைப் பார்த்தார்.

"இப்ப அந்த மனுசியைக் கேள். இவர் தொடங்கினதை முடிக்கிறவரோ?"

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தார். வீட்டு வேலை என்றால் முடிக்கமாட்டார், என் குசினிக்கு இன்னும் கதவு இல்லை, இயந்திரம் என்றால் முடிப்பார் என்றார். நான் மொழிபெயர்க்க முன்னமே பெரியம்மாவும் சிரித்துவிட்டார். பாரிசுக்கு வந்த பிறகு அவர் சிரித்ததை நான் பார்த்தது அன்றுதான் முதல்.

பதிவு அட்டையில் கையெழுத்துப் போட வேண்டியவர் பெரியப்பா. அவர் வரமாட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கார் போகிற சனிக்கிழமை காலை அவர் சவரம் செய்து, கலியாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டார். கடைக்காரரின் வானில் சோஃபாவின் கீழே கிடந்ததும், அலுமாரிக்குப் பின்னால் நின்றதும், ஆணியில் தொங்கியதும் எல்லாம் ஏற்றினோம். அம்மா வெங்காய மூடியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தந்தார்.

பெரியப்பா கையெழுத்துப் போட்டார். காரின் திறப்பைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு இரண்டடி நடந்தவர் திரும்பி வந்து, உழவு இயந்திரக்காரரின் தோளைத் தொட்டு, பொனட்டைத் திறக்கச் சொன்னார். பிறகு தொடங்கினார்.

உங்களுக்குத் தெரியும், நம் பெரியவர்களின் பிரெஞ்சு எப்படி இருக்கும் என்று. வேலையிடத்தில் "ஓம் மிசியே", மாநகர சபையில் "விளங்கேல்லை மதாம்". பெரியப்பாவும் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். காலையில் குளிராக இருந்தால் எந்த நெம்புகோலை எவ்வளவு இழுக்க வேண்டும், மூன்றாவது கியர் எந்த இடத்தில் பிடிவாதம் செய்யும், வலது கதவை எந்தக் கோணத்தில் தூக்கிச் சாத்த வேண்டும், எந்தச் சாமானை எந்த நாட்டிலிருந்து எடுப்பித்தேன், எது பொருந்தவில்லை, ஏன் பொருந்தவில்லை, எல்லாவற்றையும் பிரெஞ்சிலேயே சொன்னார். நான் ஒரு சொல்லும் எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் குறித்துக்கொண்டே, "அப்படியா? பிறகு?" என்று கேட்டார். பெரியப்பாவிடம் யாரும் பாரிசில் "பிறகு?" என்று கேட்டு நான் கண்டதில்லை.

பெரியம்மா சற்றுத் தள்ளி, பொக்ஸின் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. கண்ணெடுக்காமல் பெரியப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரை இழுவை வண்டியில் ஏற்றிக் கட்டினார்கள். சந்தின் முடிவில் திரும்பும்போது வெயில் பட்டு, பின் பம்பர் ஒருமுறை மின்னியது. வெறும் பொக்ஸுக்குள் நாலு சில்லு நின்ற அடையாளமும் ஒரு எண்ணெய்க் கறையும் இருந்தன. பெரியப்பா திரைத்துணி உறையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அதைப் பிறகு என்ன செய்தார் என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை நான் எழும்பியபோது சுவரோரம் நின்ற பெட்டியைக் காணவில்லை. ஒரு கணம் பெரியம்மா போய்விட்டார் என்று நினைத்து ஓடிப்போய்க் கட்டிலைப் பார்த்தேன். பெட்டி கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது. இழுத்துப் பார்த்தேன், வெறும் பெட்டி. அலுமாரித் தட்டில் சேலைகள் அடுக்கியிருந்தன.

பெரியப்பாவோ அந்தக் கோடை முழுவதும் பெரியம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "பிள்ளை, பெரியம்மாவிட்டை சொல்லு, தேத்தண்ணி போடச் சொல்லி," என்று என் வழியாகப் பேசுவார். பிரெஞ்சுக்காரருக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் நின்றது போதாதென்று, தமிழுக்கும் தமிழுக்கும் நடுவில் நின்றேன். செப்டம்பரில் அவர்கள் பாரிசுக்கு வடக்கே பியர்ஃபித்தில் வீடு எடுத்துக்கொண்டு போனார்கள். கார் விற்ற காசு அதற்கு முன்பணமாகப் போயிற்று. அங்கே மொழிபெயர்க்க நான் இல்லை என்பதால், நேரே பேசத் தொடங்கியிருக்க வேண்டும்.

மணவறைக்காரர் வேறொரு பழைய காரை வாங்கிக் கூரையை வெட்டினார். இரண்டாவது கலியாணத்தில் மாப்பிள்ளை ஏறி நின்றதும் கார் நடுவில் மெல்லத் தொய்ந்து, கதவு திறக்காமல் போய்விட்டது. மாப்பிள்ளையைத் தூக்கித்தான் இறக்கினார்கள். இதை அம்மாவே நேரில் பார்த்தார். பார்த்தும், பெரியம்மாவைப் பற்றிய தன் தீர்ப்பை அவர் மாற்றவில்லை. கல்நெஞ்சுக்காரி என்பதுதான் கடைசிவரைக்கும் அம்மாவின் சொல்.

உழவு இயந்திரக்காரர் தொடங்கியதை முடித்தார். ஆனால் அதற்குள் நான் படித்து முடித்து, ஓட்டுநர் உரிமம் எடுத்து, சிறிய பழைய கார் ஒன்றும் வாங்கியிருந்தேன். அவர் எங்கள் வீட்டுப் பழைய இலக்கத்துக்கே கூப்பிட்டார். கார் ஓடுகிறது, மிசியேயும் மதாமும் வந்து பார்க்கவேண்டும் என்றார்.

பெரியப்பா முழங்கால் வலிக்கிறது என்றார். "நீங்கள் போட்டு வாங்கோ," என்றார்.

நானும் பெரியம்மாவும் போனோம். முற்றத்தில் கார் நின்றது. அதே சிவப்பு. படத்தில் இருந்ததை விடவும் சிவப்பு. அந்த மனிதருக்குத் தலை நரைத்திருந்தது. பெரியம்மாவுக்கு முன் கதவைத் திறந்து, வலது பக்கம் சற்றுத் தூக்கிச் சாத்தினார். நான் பின்னால் ஏறினேன். புதுத் தோல் மணம். அவர் திறப்பைத் திருப்பியதும், முற்றத்து மரங்களிலிருந்து காகங்கள் அவ்வளவும் எழும்பின. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காதுக்குக் கேட்க முன் வயிற்றுக்குத் தெரிகிற சத்தம்.

பீட்ரூட் வயல்களுக்கு நடுவில் நேரான தெரு. அவர் ஓட்டினார். பெரியம்மா முதலில் கதவின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடியை இறக்கினார். காற்றில் அவருடைய கொண்டை அவிழ்ந்தது, கட்டவில்லை. கடல் கிட்டத்தான், அரை மணித்தியாலம், போவோமா என்று உழவு இயந்திரக்காரர் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"கடலுக்கு வேண்டாம்," என்றார் பெரியம்மா. "திருப்பச் சொல்லு."

பியர்ஃபித்துக்குத் திரும்பும் வழியில் அவர் கொண்டையை முடிந்துகொண்டார். பெரியப்பா சோறும் மீன்குழம்பும் காய்ச்சி வைத்திருந்தார். மூவரும் இருந்தோம். பெரியப்பா மீனைப் போட்டார், குழம்பை ஊற்றினார், நெடுஞ்சாலையில் வாகன நெரிசலோ என்று கேட்டார், வடக்கே மழையோ என்று கேட்டார். பிறகு தட்டைப் பார்த்தபடி, "என்னவாம் அந்த மனுசன்?" என்றார்.

பெரியம்மா சோற்றைப் பிசைந்தார். "இன்னும் ஓடேல்லை," என்றார்.

நான் தண்ணீர்க் கோப்பையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன்.

"ஓடேல்லையோ? முடிஞ்சுதெண்டெல்லோ சொன்னவர்?"

"பெயின்ற் அடிச்சிருக்கு. எஞ்சின் கழட்டினபடி கிடக்கு. சும்மா பாக்கத்தான் கூப்பிட்டவர் போல."

பெரியப்பா நிமிர்ந்தார். முகத்தில் பத்து வயது குறைந்தது. "எனக்குத் தெரியும்," என்றார். "அப்பவே தெரியும். நல்ல மனுசன்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்த எஞ்சினிலை ஒரு விசயம் இருக்கு, அது எல்லாருக்கும் பிடிபடாது." இன்னொரு துண்டு மீனை எடுத்துப் பெரியம்மாவின் தட்டில் வைத்தார்.

"அப்ப அந்தாள் என்ன செய்திருக்கவேணும்?" என்று பெரியம்மா கேட்டார்.

பெரியப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, சொல்லத் தொடங்கினார்.